ஸ்பானிஷ் கேள்வி பதில்: இங்கிலீஷ் வழியாகச் சுற்ற வேண்டாம்

நான் நாகர்கோவில்காரி. டெல்லியில் எம்.ஏ. படித்தபோது ஸ்பானிஷ் என்னைப் பிடித்துக்கொண்டது. 2018 ஆகஸ்ட்டில் மெக்சிகோவின் தெற்கே வஹாகா நகரத்துக்குப் போய், ஒரு வீட்டில் ஆறு மாதம் தங்கிப் படித்தேன். இப்போது மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. ஸ்பானிஷ் படிக்கிறவர்கள், படிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): அக்கா, நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஸ்பானிஷ் வகுப்பில் எல்லாமே இங்கிலீஷில்தான் விளக்குகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மொழி படிப்பது மாதிரி இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதே. உனக்குத்தான் வழி குறுக்கு. எங்கள் வகுப்பில் 'மே குஸ்தா எல் கஃபே' என்ற ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் விளக்க ஆசிரியர் அரை மணி நேரம் பலகையோடு மல்லுக்கட்டினார். நான் நோட்டில் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம். பிடித்தவர் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிக்கொள்வார், காபிதான் எழுவாய். 'மே துவேலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. சொல்லுக்குச் சொல் உட்காரும்.

'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று ஆகிவிடும், 'நான்' தேவையில்லை. விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது. நமக்கு இது பழகிய சங்கதி.

உச்சரிப்பும் அப்படித்தான். ப, த, க மூன்றையும் மூச்சை ஊதாமல் சொல்ல வேண்டும். 'அமீகோ'வில் வரும் க, நாம் 'மகன்' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய க. 'நாதா'வின் த, 'காது' என்பதில் இருக்கிற த. குழந்தைக்கு 'நீஞோ', அதில் அச்சாக நம் ஞ. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். கரி, கறி வித்தியாசத்தை இன்னும் நாக்கில் வைத்திருக்கிற எங்கள் நாஞ்சில் நாட்டு ஆட்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. (இந்த ஒரு இடத்தில் ஊர்ப் பெருமையை மன்னிக்கவும்.)

கேள்வி (பொறியியல் மாணவர், கோவை): செர், எஸ்தார் இரண்டுக்குமே 'இரு' என்றுதானே பொருள்? நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்ற விதி போதுமா அக்கா?

பதில்: போதாது தம்பி. 'செத்துவிட்டார்' என்பதற்கு 'எஸ்தா முவேர்தோ'. எஸ்தார்தான் வருகிறது. சாவைவிட நிரந்தரம் எது?

நான் வைத்திருந்த விதி வேறு. தமிழில் வினையே இல்லாமல் முடிகிற வாக்கியமா? 'அவள் டாக்டர்', 'இது மேசை', 'அவன் நம்மூர்க்காரன்' எல்லாம் செர். 'இரு' இல்லாமல் நிற்காதா? 'அவள் வீட்டில் இருக்கிறாள்', 'கதவு திறந்திருக்கிறது', 'களைப்பாக இருக்கிறேன்' எல்லாம் எஸ்தார். நூற்றுக்கு நூறு பொருந்தாது. விருந்து எந்த இடத்தில் என்று சொல்ல செர் வரும், அதைத் தனியாகப் படித்துக்கொள். ஆனால் முதல் வருஷத்தை இதை வைத்தே ஓட்டிவிடலாம்.

இந்த விதி பிடிபடுவதற்கு முன்னால், வஹாகா போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், வீட்டுக்கார அம்மாவிடம் 'போரடிக்கிறது' என்று சொல்ல நினைத்து 'சோய் அபுர்ரிதா' என்றேன். 'எஸ்தோய்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதற்கு 'நான் ஒரு அறுவை' என்று அர்த்தம். அவர் பதறிப்போய், அப்படியெல்லாம் இல்லை மகளே என்று சமாதானம் சொல்லி, ஒரு கிண்ணம் சூடான சாக்லேட்டும் தந்தார். திருத்தவேயில்லை. அது தப்பு என்று தெரியவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

கேள்வி (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): ஆசை, சந்தேகம் சொல்லும்போது வினை உருவம் மாறுகிற சப்ஜங்க்டிவ் என்று ஒன்று வருகிறதே, அதற்குத் தமிழில் ஏதாவது பிடி உண்டா?

பதில்: முழுசாக இல்லை டீச்சர். ஒரு மூலையில் உண்டு. 'ஓஹாலா யுவேவா' என்றால் 'மழை பெய்யாதா!' நாம் ஆசையை எதிர்மறைக் கேள்வியாகக் கேட்கிறோம், அவர்கள் வினையின் உருவத்தை மாற்றிக் கேட்கிறார்கள். இரண்டிலும் நடக்காத ஒன்றுக்கான ஏக்கம்தான். 'ஓஹாலா' அரபியிலிருந்து வந்த சொல், உள்ளே 'அல்லாஹ்' இருக்கிறார். 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி ஏதோ ஒரு பகுதியில் இருந்துகொண்டே இருந்தது. 'அசூகார்' என்ற சர்க்கரையும் அரபி வழியாகப் போனதுதான். அதன் வேரும் நம் 'சர்க்கரை'யின் வேரும் ஒரே சமஸ்கிருதச் சொல்.

தமிழ் கைவிடுகிற இடம் ஆண்பால் பெண்பால். நமக்கு மேசை அஃறிணை, கதை முடிந்தது. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று நம்பினால் 'எல் ப்ராப்ளேமா' காலை வாரும். 'லா மானோ', அதாவது கை, எதிர்ப்பக்கமிருந்து வாரும். ஆண் சொல்லுக்கு முன்னால் எல், பெண் சொல்லுக்கு முன்னால் லா. அதைச் சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

கேள்வி (ஒரு அப்பா, மதுரை): என் பையன் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்கிறான். சோறு போடுமா?

பதில்: மொழி மட்டும் என்றால் தடுமாற்றம்தான் சார். கணக்கு, கணினி, சட்டம் என்று கையில் ஒரு தொழில் இருந்து, அதற்கு மேல் ஸ்பானிஷ் இருந்தால் போடும். 'அடிப்படை தெரியும்' என்பதற்கு மதிப்பில்லை. ஆறு படிகளில் நான்காவதான பி2 நிலையைத் தொட வேண்டும். செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தேலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, சியேலே என்ற இன்னொரு தேர்வின் சான்றிதழுக்கு ஐந்து வருஷம்தான். பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (முதுகலை மாணவி, சென்னை): 'தூ', 'உஸ்தேத்' இரண்டும் நம் நீ, நீங்கள் மாதிரிதானே?

பதில்: மாதிரிதான், ஆனால் ஊருக்கு ஊர் மாறும். அர்ஜென்டினாவில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்'. கொலம்பியாவின் பொகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. நம் ஊரிலும் கணவன் மனைவிக்குள் 'வாங்க போங்க' இருக்கிறதே, அப்படி வைத்துக்கொள்.

மெக்சிகோவில் என்னை மாட்டிவிட்டது மரியாதைச் சொல் இல்லை, மரியாதைப் பழக்கம். வகுப்புத் தோழியின் அம்மா, 'சனிக்கிழமை எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் பார்க்கலாம்' என்றார். நான் தங்கியிருந்த வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று கூடத்தைப் பெருக்கி, பழம் வாங்கிவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு போன்: "எங்கே இருக்கிறாய், சாப்பாடு ஆறுகிறது." அங்கே பலர் தன் வீட்டையே 'உங்கள் வீடு' என்றுதான் சொல்வார்கள். 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்று அழைக்கிற ஊரில் பிறந்தவளுக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அப்புறம் 'அஓரித்தா'. அகராதியில் 'இப்போதே'. தெருவில் ஐந்து நிமிஷம், சாயங்காலம், அடுத்த வாரம், ஒருபோதும் இல்லை. நம் 'இதோ வந்துட்டேன்'தான்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர், மயிலாடுதுறை): சைவம். பிழைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும். பலருக்கு 'கார்னே' என்றால் மாடும் பன்றியும்தான். கோழி, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸில் 'மான்தேகா' இருக்கிறதா என்று கேளுங்கள், மெக்சிகோவில் அது பன்றிக் கொழுப்பு. அர்ஜென்டினாவில் அதே சொல்லுக்கு வெண்ணெய். ஒரு சொல்லை நம்பி இரண்டு நாட்டில் சாப்பிட முடியாது.

கேள்வி (பெயர் வேண்டாம்): மாயனும் தமிழனும் ஒரே இனம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே. நேரில் பார்த்தவர் நீங்கள், அங்கே நம் பண்பாடுதானே?

பதில்: இல்லை. அதை அனுப்புகிறவர்கள் அங்கிருந்து நமக்கு வந்ததைப் பார்ப்பதில்லை. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொய்யா, பப்பாளி என்ற பேர்கூட அந்தப் பக்கத்துப் பேர்கள், போர்த்துக்கீசியர் வாய் வழியாக வந்தவை. மிளகாய்க்கு மட்டும் மிளகை வைத்து நாமே பேர் கட்டிக்கொண்டோம்.

ஒன்றுபோலத் தெரிகிறவை உண்டு, ஒன்று கிடையாது. வீட்டுக்கார அம்மாவிடம் 'மெத்தாத்தே' இருந்தது. மூன்று கால், முன்னால் சரிவு. மண்டியிட்டு அரைக்க வேண்டும். அம்மிதானே என்று நான் குழவியை வாங்கி, பாட்டி தேங்காய் அரைத்த மாதிரி இழுத்தேன். அரைத்த மிளகாய் முழுக்கத் தரையில். சரிவைக் கணக்கில் எடுக்கவில்லை. மணிக்கட்டால் அரைக்கக் கூடாது, உடம்பைச் சாய்த்து அரைக்க வேண்டும். அம்மி தெரிந்ததே அங்கே எனக்கு இடைஞ்சல்.

நவம்பர் 1, 2 இறந்தவர்களுக்கான நாட்கள். வீட்டுக் கூடத்தில் படையல்: ரொட்டி, சாக்லேட், மெஸ்கால் என்ற சாராயம், படங்கள், கொபால் பிசின் புகை. சுற்றிலும் செண்டுமல்லி. அங்கே அதற்கு 'செம்பசூசில்' என்று பேர், பூவின் பூர்வீகமே மெக்சிகோதான். கண்ணை மூடினால் ஆயுதபூஜை வாசம். அந்த அம்மா என் தாத்தா படத்தைக் கேட்டார். போனில்தான் இருந்தது. தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்து வைத்தார். "என்ன குடிப்பார்?" என்றார். சுக்குக் காபி என்று சொல்லத் தெரியாமல், இஞ்சியும் காபியும் என்றேன். அப்படியே ஒரு கலவை போட்டு வைத்தார். கண்றாவியாக இருந்தது, ருசி பார்த்தேன். தாத்தா முகம் சுளித்திருப்பார். எங்கள் வீட்டில் படையல் முடிந்ததும் காக்காய்க்கு வைப்போம் என்றதும், ஏன் காக்காய் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்பானிஷ் போதாததால் இல்லை.

கேள்வி (இளங்கலை மாணவர், பாளையங்கோட்டை): விண்ணப்பத்தில் இரண்டு குடும்பப் பெயர் கேட்கிறார்கள். எனக்கு இனிஷியல்தான்.

பதில்: பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் எழுது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடு. அவர்களுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. ஒரு வங்கியில் ஆறு மாதமும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கடைசியில் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

கேள்வி (வரலாறு மாணவி, யாழ்ப்பாணம்): ஸ்பானிஷ் தெரிந்தால் அங்கே எல்லாரோடும் பேசலாமா அக்கா?

பதில்: பெரும்பாலும் பேசலாம். ஆனால் அது எல்லாருக்கும் தாய்மொழி இல்லை தங்கச்சி. மெக்சிகோவில் 68 பழங்குடி மொழிகளை அரசே தேசிய மொழிகளாக ஏற்றிருக்கிறது, 2003இல் சட்டமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வஹாகாவுக்குப் பக்கத்து த்லாகொலூலா ஊர்ச் சந்தைக்குப் போனால், அந்த மொழிகளில் ஒன்றான சபோதெக் காதில் விழும். வாங்குகிறவரோடு ஸ்பானிஷ், பக்கத்துக் கடைக்காரியோடு சபோதெக்.

அப்போதுதான் புதிய 500 பெசோ நோட்டு வந்திருந்தது, அதில் பெனித்தோ ஹுவாரெஸ் படம். 1806இல் மலைக் கிராமத்தில் சபோதெக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதில் வஹாகாவுக்கு வந்தபோது அவருக்கு ஸ்பானிஷ் பேச வராது. பின்னால் நாட்டின் அதிபரானார். நோட்டைக் காட்டி, 'இவரும் என்னைப் போல இங்கே வந்துதான் ஸ்பானிஷ் கற்றார்' என்று வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். வீட்டுக்கார அம்மாவின் தாயார் சபோதெக் பேசி வளர்ந்தவர். அவர் சிரிக்கவில்லை. "உனக்குப் பிடித்துக் கற்றாய். எங்களைப் பள்ளியில் அடித்துக் கற்றுக்கொடுத்தார்கள்" என்றார். தன் பிள்ளைகளுக்கு அவர் சபோதெக் சொல்லித்தரவே இல்லை. உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (பலர்): திரும்பி வந்த பிறகு மறக்காமல் எப்படி வைத்திருக்கிறீர்கள்? அடுத்த தொகுப்பு எப்போது?

பதில்: ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்த அம்மாவுக்கு போன் செய்வேன். அங்கே சனி இரவு எட்டரை. மிளகாய் விலை, முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய். இதற்கு மேல் பாடத்திட்டம் எதுவும் இல்லை.

அடுத்த தொகுப்பா? அஓரித்தா.