தினமும் வீடியோ கோலில் அம்மாவைப் பார்க்கிறேன். தொழில்நுட்பம் உறவை நெருக்கமாக்கிவிட்டது தானே?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் வெளிநாட்டில், அம்மா ஊரில் என்று தெரிகிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் யாரோ போனைச் சரியாகப் பிடித்துக்கொடுப்பாரே, எங்கள் வீட்டில் அது நான். அதனால் பதில் கொஞ்சம் உறைப்பாக இருக்கும்.

எங்கள் வீடு திருகோணமலை டவுனுக்குள். அண்ணா 1998இல் கனடா போனார். அப்போதெல்லாம் கொமினிகேஷனுக்கு, அதாவது காசு கொடுத்துக் கோல் எடுக்கும் கடைக்குப் போய்க் காத்திருந்துதான் கதைக்க வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா காசு ஏறும் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு கதைப்பார். "சாப்பிட்டியா, குளிருதா, சரி வைக்கிறன்." மிச்சத்தைக் கசெட்டில் பதிந்து, போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்று நின்ற பிறகும் அம்மா கதைத்துக்கொண்டிருப்பார்.

2016 கடைசியில் வட்ஸ்அப்பில் வீடியோ கோல் வந்தது. கோடையில் அண்ணாவுக்கு இரவு எட்டு மணி என்றால் எங்களுக்கு விடிய ஐந்தரை. அம்மா பிடித்தால் அரை நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபானும்தான் அண்ணாவுக்குத் தெரியும். அதனால் நானும் எழும்ப வேண்டும்.

போன வருடம் அம்மாவின் கால் வீங்கியிருந்தது. முதல் நாள்தான் கிளினிக்கில் நான்கு மணி நேரம் இருந்து மருந்து எடுத்து வந்தேன். அண்ணா காலைப் பார்த்ததும், "ஏன் இன்னும் டொக்டரிட்டக் காட்டேல்லை?" என்றார். மருந்தைக் காட்டச் சொன்னார். அப்புறம் பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னார். அன்றைக்கே வீங்கிய காலின் படம் குடும்பக் குரூப்பில் வந்தது. 2004க்குப் பிறகு ஊர்ப் பக்கமே வராத லண்டன் மாமி, "அம்மாவைக் கவனமாப் பாருங்கோ" என்று எனக்கு எழுதினார். கொமினிகேஷன் காலத்தில் காசு செலவழித்து யாரும் இப்படி விசாரணை வைக்கவில்லை.

நன்றி கெட்டவள் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: இந்த வீட்டுக் கூரை அண்ணா போட்டது, மறக்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் வட்ஸ்அப்பை முடக்கியபோது, விடியும் முன்னமே அம்மா போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்ததையும் பார்த்தவள் நான். அண்ணா சாதாரண லைனில் எடுத்தால், "காசு போகும், வை" என்றார் அம்மா.

ஒருநாள் கோலுக்கு நடுவில் வாசலுக்கு மான் வந்தது. அண்ணா அம்மாவை விட்டுவிட்டு மானைக் காட்டச் சொன்னார். அது என் செவ்வரத்தையைத் தின்றுகொண்டிருந்தது. கோட்டையடியிலிருந்து டவுன் வரை அலைகிற இந்தப் புள்ளிமான்கள் படத்துக்கு அழகுதான். சோற்றுப் பார்சலைப் பொலித்தீனோடு அப்படியே றோட்டில் வீசுகிறார்கள், அதையும்தான் தின்கின்றன. அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

நெருங்கியது உண்மைதான், உங்களுக்கும் அம்மாவுக்கும். எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் இப்போது மருந்துக் கணக்கைத் தவிரக் கதை இல்லை. பிரிட்ஜைக் காட்டு என்றால், குசினிக்குள் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அங்கேதான் நன்றாக இழுக்கும்.