43 பெட்டிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் எழுத்து மேசையின் ஓரத்தில் நிற்கும் டிராக்டர் மாடலைப் பற்றி ஒரு கட்டுரையின் நடுவே இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். எனக்கும் அந்தப் பித்து உண்டு. வயது 46. அலமாரியில் 43 கிட்கள், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் செய்கிற மாடல் பெட்டிகள், இருக்கின்றன. பெரும்பாலும் 1/24 அளவில் (நிஜத்தில் 24ல் ஒரு பங்கு) கார்கள், கொஞ்சம் 1/35 அளவில் ராணுவ வண்டிகள். இவை போக, நான் கட்டத் தொடங்கியது மூன்றே மூன்றுதான்.

முதல் காரில் முன் கண்ணாடியை ஒட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை படிந்து, நடுவில் என் கட்டைவிரல் ரேகை பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி தெரிந்தது. இரண்டாவதில் சிவப்பு பெயின்ட் கதவுக்குக் கீழே வழிந்து கட்டியாக நின்றுவிட்டது. மூன்றாவதைப் பாதியில் மூடிவைத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பெட்டியைத் திறப்பேன், செய்முறைத் தாளை முதலிலிருந்து கடைசி வரை படிப்பேன், திரும்ப மூடிவைப்பேன். கை நன்றாகப் பழகட்டும், அப்புறம் இந்த நல்ல கிட்களைத் தொடலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் என் மனைவியின் அண்ணன் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளை, கச்சிதமா செஞ்சு முடிச்சதே வாங்கக் கிடைக்குது. யாரோ வரைஞ்சு, யாரோ வார்த்து, நம்பர் போட்டுக் கொடுத்ததை ஒட்டறதுல உங்களோடதுன்னு என்ன இருக்கு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் செய்வது சேகரிப்பா, வெறும் பதுக்கலா? திரும்பத் தொடங்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மூன்று தோல்விகளை இரண்டு முறை படித்தேன். முதலில் அவற்றைப் பேசிவிடுவோம். நான்கு வருடமாக உங்கள் கையைக் கட்டிவைத்திருப்பது அவைதான். மைத்துனர் கேட்டது போன மாதம்தானே.

முன் கண்ணாடிக்கு நீங்கள் போட்டது சூப்பர் க்ளூவாகத்தான் இருக்க வேண்டும். அது இறுகும்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி கிளம்பும். விரல் பட்ட இடத்தில் இருக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்த ஆவியைப் பிடித்துக்கொள்ள, ரேகை அப்படியே வெள்ளையாக எழும்பிவிடும். குற்றம் நடந்த இடத்தில் எடுத்த பொருட்களிலிருந்து கைரேகையை வெளிக்கொண்டுவர, தடயவியல் ஆய்வகங்களில் இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் காரில் நடந்ததும் அதுதான். இதில் கைத்திறன் குறைவு எங்கே வந்தது? பசை மாறிப்போயிற்று, அவ்வளவுதான். கண்ணாடிப் பாகங்களுக்கு, காய்ந்தால் நிறமில்லாமல் போகிற வெள்ளைப் பசை போதும். பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு ஓரத்தில் மட்டும் வையுங்கள். வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அந்தப் பழைய கண்ணாடி இன்னும் இருக்கிறதா? 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, அப்புறம் பாலிஷிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் கைநாட்டு போய்விடும்.

வழிந்த சிவப்புக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு பெயின்ட் அடிக்க வந்தது. நிஜக் காரின் உடம்பில் ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். 1/24 மாடலில் நாம் அதே 0.1 மில்லிமீட்டர் ஏற்றினால், நிஜ அளவுக்கு அது 2.4 மில்லிமீட்டர். காருக்கு ஒரு கம்பளி போர்த்திவிட்ட மாதிரி. நிஜக் காரில் கதவைச் சுற்றி 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது 0.17 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். வார்ப்பில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் அகலமாகவே வைத்திருப்பார்கள். அப்படியும் தடித்த பூச்சு இரண்டு பக்கமும் ஏறினால் கோடு தூர்ந்துபோய், கதவே இல்லாத கார் மாதிரி ஆகிவிடும்.

பிறகு ஏன் எல்லோரும் தடிப்பாக அடித்துவிடுகிறோம்? பெயின்ட் கூரான விளிம்பில் நிற்காது, சமதளத்துக்குள் விலகி ஓடும். பானெட்டின் ஓரத்திலும் கதவு விளிம்பிலும் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் மனசு பதறும், இன்னும் ஒரு அழுத்து அழுத்துவோம். அந்த ஒரு அழுத்தில்தான் வழிகிறது. முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியத்தான் வேண்டும். தூசி படிந்தது போல ஒரு பூச்சு. கால் மணி நேரம் கழித்து இன்னொன்று, அப்படியே மூன்றாவது. கடைசியாகத்தான் ஈரமாக மினுங்கும் பூச்சு. அதோடு கையைக் கட்டிக்கொண்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை அடித்தால் இன்னும் காயவில்லை. முதலில் நாலைந்து பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் அடித்துப் பழகுங்கள். ஸ்பூனின் வளைவும் கார் பாடியின் வளைவும் கிட்டத்தட்ட ஒன்று. ஜன்னலைத் திறந்துவைத்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி போட்டுக்கொண்டுதான் இதெல்லாம். சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது.

மூன்றாவது கிட் பாதியில் நின்ற காரணத்தை நீங்கள் எழுதவில்லை. இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும்.

சரி, மைத்துனர் கேட்ட கேள்வி. அவர் கேட்டதில் தப்பில்லை. 1949ல் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம் தன் விற்பனையாளர்கள் கையில் கொடுப்பதற்காக ஒரு சின்ன மாடல் கேட்டது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அதைச் செய்துகொடுத்தது. பாகங்களை வார்த்து, ஆள் வைத்துப் பொருத்தி, முழு டிராக்டராகத்தான் கொடுத்தார்கள். அப்புறம் செலவைக் குறைக்க, அதே டிராக்டரைப் பொருத்தாமல் உதிரியாகவே பெட்டியில் போட்டு விற்றார்கள். என் மேசையில் டிராக்டர் நிற்பதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். தொழிற்சாலை செய்யாமல் மிச்சம் வைத்த வேலையைத்தான் நாம் செய்கிறோம் என்று உங்கள் மைத்துனர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் மிச்சம் வைத்தது எந்த வேலை என்று பாருங்கள். ஒரு வண்டி எப்படி வண்டியாகிறது என்பது அந்த வேலைக்குள்தான் இருக்கிறது.

ஒரு காரின் முன் சக்கரப் பகுதியைப் பொருத்திய இரவை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். கீழே ஒரு முட்கரண்டிக் கை, மேலே இன்னொன்று, நடுவில் சக்கரத்தைத் தாங்கும் ஒரு சின்ன நிமிர்ந்த துண்டு, பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரு கம்பி. எல்லாம் நகத்தளவுதான். அந்தக் கம்பியை நான் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஒரு சக்கரம் நேராகவும் இன்னொன்று உள்பக்கம் திரும்பியும் நின்றது. கழற்றி, திருப்பி மாட்டினேன். ஒன்றைத் திருப்பியதும் மற்றதும் கூடவே திரும்பியது. அத்தனை வருடம் கார் ஓட்டியும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் என் காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் கை இருந்தது. மேல்க் கையைக் காணோம்! அந்த இடத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நின்றன. ஏன் என்று தேடிப் படித்தேன். எஞ்சினைக் குறுக்காக வைக்கும் கார்களில் பக்கவாட்டில் இடம் குறைவு, மேல்க் கையை எடுத்துவிட்டால் அந்த இடம் மிச்சமாகும். கச்சிதமாகச் செய்து முடித்த காரை வாங்கி அலமாரியில் வைத்திருந்தால், நான் அன்று காலை மண்டியிட்டிருக்க மாட்டேன். என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

மாடல் செய்கிற நிறுவனங்களும் இப்படித்தான் கற்றன. 1976ல், போர்ஷே 911 காரின் பந்தய வடிவமான 934ஐ 1/12 அளவில் மாடலாகக் கொண்டுவருவதற்காக, ஜப்பானின் டாமியா நிறுவனம் ஒரு நிஜ போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அவர்கள் பிரித்தார்கள், நாம் சேர்க்கிறோம்.

அப்புறம், செய்முறைத் தாளை மீறக்கூடாத ஒன்றாக நினைக்காதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் ராணுவ வண்டிகள் 1/35 அளவில் இருப்பதற்குக் காரணம் என்ன தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் டாமியா மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்குகிற மாதிரி அதன் அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 1/35 வந்தது. அதுவே உலகம் முழுவதற்கும் அளவாகிவிட்டது. அந்த அளவே அப்படி அமைந்ததுதான். கிட்டில் வருகிற நிறத்தையே அடிக்க வேண்டும், எல்லா ஸ்டிக்கரையும் ஒட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெயிலில் வெளுத்த ஒரு லாரியை நாலு நாள் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்து அந்த வெளுப்பைக் கொண்டுவர முயலுங்கள். அங்கே தாளில் எந்த நம்பரும் துணைக்கு வராது.

டைகாஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்து முழுதாகச் செய்தே வரும் மாடல்களைச் சேகரிப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உள்ளங்கையில் அந்த எடை உட்கார்வது தனிச் சுகம். அது வேறொரு காதல். உங்கள் அலமாரியையும் பதுக்கல் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரியில் பெட்டியைத் திறந்து தாளைப் படிக்கிறவர் பதுக்குகிறவர் இல்லை. ஆனால் "கை பழகட்டும்" என்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க முடியவில்லை. பெட்டி மூடியிருக்கும்போது கை எதில் பழகும்?

எதை முதலில் எடுப்பது? வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்று இருப்பதிலேயே பழைய, மட்டமான கிட்டைத் தொடங்கச் சொல்வார்கள். நான் அதற்கு நேர் எதிர். தேய்ந்த அச்சில் வார்த்த கிட்டில் எல்லா விளிம்பிலும் பிசிறு இருக்கும், பாடியும் சேஸி என்கிற அடிச்சட்டமும் ஒன்றோடொன்று உட்காராது. அனுபவசாலியே திணறுவார். தவறு கிட்டுடையதா, தன்னுடையதா என்று புதியவருக்குத் தெரியாது, தன்னுடையது என்றே எடுத்துக்கொள்வார். சமீபத்தில் அச்சு வெட்டிய, பாகங்கள் நூறுக்குள் இருக்கிற ஒரு காரை எடுங்கள். உங்களுக்குப் பிடித்த காராகவும் இருக்கட்டும். பிடிக்காத காருக்காக யாரும் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் உண்மையில் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பெட்டிக்குள் இருந்தால் கிட் பத்திரமாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு பந்தயக் காரை, கை நன்றாகத் தேறிய பிறகு கட்டலாம் என்று 18 வருடம் வைத்திருந்தேன். திறந்த அன்று, உறை ஒன்று கிழிந்து, இரண்டு டயர்கள் கண்ணாடிப் பாகத்தின் மேல் சாய்ந்து கிடந்தன. எடுத்தால் வரவில்லை. இழுத்ததும், டயரின் கோடுகள் ஒவ்வொன்றும் கண்ணாடியில் உருகிப் பதிந்திருந்தன. வினைல் டயர் மெத்தென்று இருப்பதற்காக ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். வருடக்கணக்கில் அது மெல்லக் கசிந்து வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. யாருடைய கையும் படாமலே, மூடிய பெட்டிக்குள் அந்தக் கண்ணாடி கெட்டுப்போயிருந்தது. அந்தக் காரின் டெக்கால்களும் (மேலே ஒட்டும் எண், எழுத்துப் படங்கள்) பழுப்பேறியிருந்தன. அவற்றை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்து ஓரளவு வெளுக்க வைத்தேன். கண்ணாடிப் பாகத்துக்கு அப்படி எந்த வழியும் கிடைக்கவில்லை.

எனவே இன்று ராத்திரி ஒரு பெட்டியோடு நிறுத்தாதீர்கள். 43 பெட்டிகளையும் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் டயர்களை மட்டும் எடுத்துத் தனித்தனிச் சின்ன உறையில் போட்டு, எந்த வண்டியுடையது என்று மேலே எழுதுங்கள். ராணுவ வண்டிகளின் வினைல் சங்கிலிப் பட்டைகளுக்கும் இதே ஏற்பாடுதான். ஒரே ராத்திரியில் முடியாது, மூன்று நான்கு நாள் ஆகலாம், பரவாயில்லை. எல்லாம் முடிந்ததும், எந்தப் பெட்டியைத் திரும்ப மூட மனசு வரவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.