பிள்ளையைக் காட்டினால்தான் பணமா?

கேள்வி: மனைவி என்னைப் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயது மகன் அவளிடம் இருக்கிறான். மகனுக்கு 7,000, அவளுக்கு 5,000 என்று மாதம் 12,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கட்ட உத்தரவு. மாதம் இரண்டு சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்தில் மகனை நான் பார்க்கலாம் என்றும் உத்தரவு. ஐந்து மாதங்களாக அவள் பிள்ளையை அழைத்து வரவில்லை. நானும் பணத்தை நிறுத்திவிட்டேன். பட்டம் படித்தவளுக்கு என் பணம் எதற்கு? நான் வேலையை விட்டுவிட்டால் ஜீவனாம்சமே கேட்க முடியாது, ஐந்து வயது தாண்டிய பிள்ளை அப்பாவுக்குத்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானே?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: சரியில்லை. ஒன்றுகூடச் சரியில்லை. தயவு செய்து இந்த நண்பர்களிடம் இனிமேல் சட்டம் கேட்காதீர்கள்.

முதலில் அந்த ஏழாயிரத்தைப் பற்றிப் பேசுவோம். அது உங்கள் மனைவிக்கு நீங்கள் கொடுப்பதல்ல. உங்கள் மகனுடைய சோறு அது. பள்ளிக் கட்டணம் அது. காய்ச்சல் வந்தால் வாங்கும் மருந்து அது. சனிக்கிழமை அவன் வரவில்லை என்கிறீர்கள். ஏழு வயதுப் பையன் தானாகவா பஸ் ஏறி வருவான்? அழைத்து வராதது தாயின் தவறு. அதற்கு நீங்கள் அடித்தது பிள்ளையின் வயிற்றில்.

உங்கள் கையில் இருப்பவை தனித்தனியான இரண்டு உத்தரவுகள். அவர் ஒன்றை மீறினார் என்பதற்காக மற்றதை மீற உங்களுக்கு உரிமை வந்துவிடாது. பார்க்கவிட்டால் பணம், பணம் தந்தால் பார்க்கலாம் என்று பேரம் பேசத் தொடங்கினால், நடுவில் வைத்து எடை போடப்படுவது பிள்ளைதான். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் சொன்னது அது.

ஐந்து மாத நிலுவை இப்போது 60,000 ரூபாய். உத்தரவுப்படி பணத்தை வசூலித்துத் தரும்படி உங்கள் மனைவி நிறைவேற்று மனு போட்டால் வாரண்ட் வரும். ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதே தவிர, பிடி தளரவில்லை. கட்டாத மாதத்துக்கு ஒரு மாதம் வரை சிறை என்பது அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் வழிதான், கட்டியதற்கு ஈடாகாது என்று குல்தீப் கௌர் வழக்கில் 1989-இல் தீர்ப்பாகிவிட்டது.

வேலையை விடும் யோசனை இன்னும் மோசம். நீதிமன்றம் உங்கள் சம்பளச் சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. சம்பாதிக்கும் திறனையும் பார்க்கிறது. உடல் நலமுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றியாக வேண்டும் என்று அஞ்சு கார்க் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலையும் போய் நிலுவையும் ஏறி நிற்கும் ஒருவரைப் பார்த்து எந்த நீதிபதி பிள்ளையை நம்பி ஒப்படைப்பார்?

மனைவி பட்டம் படித்தவர் என்பது போதாது. சம்பாதிக்க முடியும் என்பது வேறு, சம்பாதிக்கிறார் என்பது வேறு என்று 2017-இல் ஷைலஜா வழக்கில் சொன்னார்கள். உண்மையிலேயே அவருக்கு வருமானம் இருந்தால் அதைக் காட்ட வழி இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் மறைத்திருந்தால் அதைச் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். உங்கள் சம்பளம் குறைந்திருந்தாலும் உத்தரவை மாற்றக் கோரலாம். ஆனால் கேட்க வேண்டியது நீதிமன்றத்தில்; நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது.

ஐந்து வயதுக் கதையை நானும் பலர் வாயில் கேட்டுச் சலித்துவிட்டேன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. நிரம்பியவுடன் அப்பாவிடம் கொடு என்று அதில் எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் உங்கள் வேதனை எனக்குப் புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்ப நல நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் ஒரு தகப்பனைப் பார்த்தேன். மடியில் ஒரு காலணிப் பெட்டி. எட்டு மாதம் கழித்து அன்றுதான் மகளைக் காட்டினார்கள். தரையில் மண்டியிட்டு அந்தக் காலணியை மாட்டிவிடப் பார்த்தார். குதிகால் உள்ளே போகவில்லை. கால் வளர்ந்திருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தது பழைய அளவு. அந்தப் பெண் குழந்தை விரல்களை மடக்கி மடக்கி எப்படியாவது நுழைக்கப் பார்த்தது, அப்பா வருத்தப்படக் கூடாதே என்று. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே, உங்கள் மனைவி இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் சொல்கிறேன். அம்மா, நீங்கள் செய்வது பெருந்தவறு. கணவர்மீது எத்தனை கோபம் இருந்தாலும், பிள்ளைக்கு அப்பாவைப் பார்க்கும் உரிமை உண்டு. 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. நேரில் வர முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது பேச வைக்க வேண்டும் என்கிற அளவுக்குச் சொன்னது. பார்க்க விடாமல் தொடர்ந்து தடுக்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளையின் பொறுப்பையே மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அழைத்து வராத பத்துச் சனிக்கிழமைகளின் தேதிகளையும் எழுதி, உத்தரவு மீறப்பட்டது என்று அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள். தவறிய நாட்களுக்கு மாற்று நாட்கள், வாரம் இரண்டு முறை வீடியோ அழைப்பு, பள்ளி விடுமுறையில் சில நாள் உங்கள் வீட்டில் என்று திட்டமாகக் கேளுங்கள். சமரச மையத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள். நண்பர்களை உடன் அழைத்துப் போகாதீர்கள்.

ஆனால் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வங்கிக்குப் போங்கள். மொத்தமாக முடியாவிட்டால், மகனுடைய பங்கான 35,000 ரூபாயையாவது முதலில் அனுப்பிவிட்டு, மீதிக்குத் தவணை கேளுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். நீதிபதி உங்களிடம் முதலில் கேட்கப் போவது அந்த ரசீதைத்தான்.