கரும்பலகையில் ஒரு நாரை

அன்புள்ள அண்ணாச்சி,

நாங்குநேரிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஹைதராபாத் போயிருந்தபோது அங்கே ஒரு வால்டார்ஃப் பள்ளியைப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பின் சுவர் முழுக்க இளஞ்சிவப்பு. சுவரில் படமே இல்லை. கரும்பலகையில் மட்டும் ஆசிரியர் வண்ண சாக்பீஸால் ஒரு காட்டை வரைந்திருந்தார். அச்சடித்து ஒட்டியதோ என்று நினைத்தேன். பாடம் முடிந்ததும் அதை அழித்துவிடுவார்களாம்.

எங்கள் பள்ளியில் போன வருடம் ஒரு நன்கொடையாளர் சுவரெல்லாம் படம் வரைந்து கொடுத்தார். ரயில் வண்டி, பழங்கள், கார்ட்டூன் பொம்மைகள், தலைவர்கள். முதல் வாரம் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவரே மறுபடி பெயிண்ட் அடித்துத் தரத் தயார் என்கிறார். இளஞ்சிவப்பு அடிக்கச் சொல்லவா? எனக்கோ மாம்பழத்துக்கு மேல் வரைய வராது. அழியப்போவதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல், அதுதான் திறன்மிகு வகுப்பறைத் திரை வந்துவிட்டதே என்கிறார் தலைமையாசிரியர். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

வாசகி

அன்புள்ள டீச்சர்,

இளஞ்சிவப்பு வேண்டாம். ஏன் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்கு வருகிறேன், சொல்ல வேண்டியது அங்கேதான் நிறைய இருக்கிறது.

நீங்கள் பார்த்த பள்ளியின் மூலம் ஜெர்மனியில் இருக்கிறது. 1919இல் ஷ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஷ்டைனர் என்ற தத்துவவாதி தொடங்கியது. வால்டார்ஃப் என்பது அந்தத் தொழிற்சாலையின் பெயர்தான். சின்ன வகுப்புகளுக்குச் சிவப்பின் சாயல், நடுவில் மஞ்சளும் பச்சையும், பெரிய வகுப்புகளுக்கு நீலம் என்று போவது அந்தப் பள்ளிகளின் பொதுவான வழக்கம். கெட்டியாகப் பெயிண்ட் அடிப்பதில்லை. வெள்ளைச் சுவரின் மேல் தண்ணீர் போன்ற சாயத்தை மெல்லிய படலங்களாக ஏற்றுகிறார்கள். அடியில் இருக்கும் வெள்ளை ஊடாகத் தெரிவதால் சுவரே லேசாக ஒளிர்வது போல இருக்கும். இதற்குப் பின்னால் ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் நிறக் கொள்கையும் இருக்கிறது, ஷ்டைனரின் ஆன்மிக நம்பிக்கைகளும் இருக்கின்றன. அந்த நம்பிக்கைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஏழு வயதுக்கு இன்ன நிறம்தான் என்பதை நான் ஏற்கவில்லை.

குளிர்காலத்தில் ஷ்டுட்கார்ட்டில் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நேரத்தில் சரியாக விடிந்திருக்காது. அங்கே சுவரில் ஒரு வெதுவெதுப்பு தேவைப்படுகிறது. நாங்குநேரியில் காலை ஒன்பதரைக்கே வெயில் கண்ணைக் கூசுகிறது. செம்மண் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் நடந்து வரும் பிள்ளைக்கு, உள்ளே நுழைந்ததும் கண் ஆற வேண்டும். லேசான நீலமோ பச்சையோ கலந்த சுண்ணாம்பு போதும். நம் வீடுகளில் சுண்ணாம்போடு நீலம் கலந்து அடித்தவர்கள் நிறக் கொள்கை எதையும் படித்தவர்கள் அல்லர்.

சுவர்ப் படங்கள் பற்றி நீங்கள் கண்டது சரி. 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே குழந்தைகளுக்குச் சில பாடங்களைப் படங்கள் நிறைந்த அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் உள்ள அறையிலும் நடத்தினார்கள். படங்கள் நிறைந்த அறையில் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைவாக இருந்தது. 24 குழந்தைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதை வேதமாக்க வேண்டாம். ஆனால் உங்கள் பள்ளிச் சுவருக்கு இரண்டு கெடுதலும் நேர்ந்திருக்கிறது: புதிதாக இருந்தபோது பாடத்திலிருந்து கண்ணை இழுத்தது, பழகிய பிறகு எதற்கும் உதவாமல் போயிற்று.

இனி கரும்பலகை. வரையத் தெரியாது என்கிறீர்கள். மாம்பழத்தை எப்படி வரைந்தீர்கள்? முதலில் வெளிக்கோடு, பிறகு உள்ளே மஞ்சள். காகிதத்துக்கு அது சரி. கரும்பலகையில் இருட்டு ஏற்கனவே இருக்கிறது, நாம் வெளிச்சத்தை மட்டும் வைத்தால் போதும். வெளிக்கோட்டை மறந்துவிடுங்கள். சாக்பீஸை ஒடித்து, சுண்டுவிரல் கணு அளவுத் துண்டைப் பலகையில் படுக்கவைத்துத் தேயுங்கள்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே வரும் மஞ்சள் மூக்கு நாரையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் துண்டைப் படுக்கவைத்து ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே வளைத்து இழுத்தால் உடம்பு வந்துவிடும். சிறகிலும் நெஞ்சிலும் உள்ள கறுப்புப் பட்டைகளுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் பலகையே கறுப்பைக் கொடுக்கும். வால் பக்கம் இளஞ்சிவப்பைப் பட்டும் படாமல் தேயுங்கள் (உங்கள் இளஞ்சிவப்புக்கு இதுதான் இடம்). அலகுக்கு மஞ்சள், நுனியில் கொஞ்சம் கீழ்நோக்கி வளைய வேண்டும். முகத்துக்கு ஆரஞ்சு. விரலால் தேய்த்துக் கலக்காதீர்கள், எல்லாம் சேர்ந்து சாம்பலாகிவிடும். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை லேசாக ஏற்றினால் போதும். முந்தின நாள் மாலையே பலகையை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டிருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நிறம் பிடிக்காது. ஈரத்துணியால் துடைத்தால் தூசியும் பறக்காது.

முழுப் படத்தையும் ஒரே நாளில் வரையாதீர்கள். திங்களன்று குளமும் கருவேல மரங்களும் மட்டும். அடுத்த நாள் கூடுகள். அதற்கு மறுநாள் பறவை. பிறகு குஞ்சுகள். நேற்று இல்லாதது இன்று வந்திருக்கிறதா என்று பார்க்கவே பிள்ளைகள் மணி அடிக்கும் முன் உள்ளே ஓடிவருவார்கள். பாதிப் படத்தை அவர்கள் கண் முன்னாலேயே வரையுங்கள், கோணல் வந்தாலும் பரவாயில்லை. நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவி மீன் பிடிக்கும் என்பதை, கூந்தன்குளத்துப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் உங்களைவிட நன்றாகச் சொல்லும். ஊரார் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதையும் சொல்லும். வரித்தலை வாத்து வந்தால் இமயமலையைத் தாண்டி வந்த கதை, அதிலிருந்து தேசப்படம். பாடம் தானாக விரியும்.

பெட்டியில் ஐந்தாறு நிறம்தானே இருக்கிறது என்ற குறை வேண்டாம். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தில் அடுக்கடுக்காக உள்ள சுவரோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் குதிரைகள் வந்து இறங்கும் காட்சிகூட உண்டு. காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று விரல்விட்டு எண்ணிவிடும் நிறங்களை வைத்துத்தான் ஓர் உலகத்தையே அங்கே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பலகை வெளுத்திருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். சாம்பல் நிறப் பலகையில் எந்த நிறமும் எழும்பாது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகளே ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவார்கள். ஊமத்தை விஷச்செடி, இன்று அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். கரும்பலகைப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கிவிடுங்கள்.

அழிப்பது வீண் என்கிற தலைமையாசிரியர் வீட்டில் தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்களா என்று கேளுங்கள். ஷ்டைனர் தம் சொற்பொழிவுகளின்போது பலகையில் வரைபவை அழிந்துபோக மனமின்றி, கேட்க வந்தவர்கள் முன்கூட்டியே பலகையின் மேல் கறுப்புத் தாளை ஒட்டிவைத்து, அவர் அதில் வரைந்ததும் எடுத்துப் பாதுகாத்தார்கள். அப்படிச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் ஸ்விட்சர்லாந்தின் டோர்னாகில் இருக்கின்றன. அவரைப் பின்பற்றும் ஆசிரியர்களோ இன்றும் அழிக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் நோட்டில் வரைந்துவிட்ட பிறகு பலகைப் படத்துக்கு வேலை இல்லை. உங்கள் வகுப்பிலும் படம் தங்க வேண்டிய இடம் நோட்டுதான்.

திரையோடு சண்டை வேண்டாம். பறவை பறப்பதைத் திரையில் காட்டுங்கள், சாக்பீஸால் அது முடியாது. ஆனால் திரையில் படம் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. டீச்சர் கை நகர நகர ஒரு நாரை உண்டாவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, தானும் செய்யலாம் என்ற துணிச்சல் வரும். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்றே கரும்பலகை அடித்துக் கொடுத்தார்களே, உங்கள் பள்ளியில் அது அந்த ரயில் வண்டிக்கு அடியில் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நன்கொடையாளரிடம் அதைத்தான் கேளுங்கள். இடுப்பளவுக்குக் கீழே சுற்றிலும் கறுப்பு, மேலே வெளிர் நிறச் சுண்ணாம்பு, வருடம் முழுவதற்கும் வண்ண சாக்பீஸ். உபயம் என்று பெயர் எழுத இடம் கேட்பார். வெளிச் சுவரில் கொடுங்கள்.