வாசகர் கேள்வி: கொத்தனார் கூலியும் பொறியாளர் சம்பளமும்

கேள்வி: என் மகன் பொறியியல் முடித்து, மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் கிண்டியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட வந்த கொத்தனாரோ நாளொன்றுக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். நான்கு ஆண்டுப் படிப்புக்கு இவ்வளவுதான் மதிப்பா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: படித்த ஆண்டுகளை எண்ணி யாரும் சம்பளம் தருவதில்லை, அம்மா. ஒரு வேலைக்கு எத்தனை பேர் தேவை, அதைச் செய்ய எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதையும், பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் எழுந்ததையும் கண்டு, வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பொறியியலில் சேர்த்தோம். கல்லூரிகளும் பெருகின. ஆனால், சேரும்போது இருந்த தேவை, படித்து முடிக்கும் நான்காம் ஆண்டிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஓர் இடத்துக்கு நூறு பேர் விண்ணப்பித்தால், தொடக்கச் சம்பளத்தை உயர்த்த நிறுவனத்துக்கு என்ன அவசியம்?

கொத்தனார் நிலை வேறு. சித்தாளாகக் கலவை சுமந்து, பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான், தூக்குக்குண்டு விட்டு ரசமட்டம் வைத்துச் சுவரை நேராக எழுப்பும் கைப்பழக்கம் வருகிறது. அதைக் கற்க வரும் உள்ளூர் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த இடைவெளியைப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்கள் நிரப்புகிறார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பியபின் கட்டுமானம் மீண்டும் தொடங்கியபோது, ஆள் கிடைக்காத ஒப்பந்ததாரர்கள் பேருந்து அனுப்பியும், சிலர் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தும் அழைத்து வந்தது நினைவிருக்கும்.

இருந்தாலும் 1,200-ஐ முப்பதால் பெருக்கிவிடாதீர்கள். வீடு கட்டுவோர் இருந்தால்தான் கொத்தனாருக்கு வேலை. வங்கி வட்டியோ சிமென்ட் விலையோ ஏறி, நீங்கள் அறையைத் தள்ளிப்போட்டால் அவருடைய அன்றைய கூலியும் தள்ளிப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் பதினைந்து நாள் வேலை கிடைத்தால் அவர் கைக்கு வருவதும் அதே 18,000 ரூபாய்தான். வருங்கால வைப்பு நிதியும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் அவருக்கு இல்லை.

அடுத்த முறை தேநீர் கொடுக்கும்போது, அவர் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பொறியியல் என்று அவர் சொன்னால் நான் வியக்கமாட்டேன்.