எத்தனை கோர்ஸில்தான் சேர்வது?

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். இருபது வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ‘ஏஐ வந்துவிட்டது, மாறிக்கொள்ளாதவன் காணாமல் போவான்’ என்று மேலதிகாரி முதல் மைத்துனர் வரை ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பயந்துபோய் இரண்டு ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். முதல் கோர்ஸ் முடிவதற்குள் அதில் சொல்லிக்கொடுத்த செயலியே பழசாகிவிட்டது. இப்படி எத்தனைதான் கற்பது? என் மகள் வேறு காமர்ஸ் படிக்கப்போகிறேன் என்கிறாள். தடுக்கட்டுமா?
– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: மூன்றாவது கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

‘மாறிக்கொள்’ என்று சொல்கிறவரிடம், ‘எதிலிருந்து எதற்கு?’ என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்பதில் தப்பில்லை, பெரிய பெரிய ஆட்களே சறுக்கிய இடம் அது. இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், ‘ரேடியாலஜிஸ்டுகளை உருவாக்குவதை இப்போதே நிறுத்திவிடலாம்’ என்று 2016-ல் சொன்னார். ஸ்கேன் படங்களைப் படித்து நோயைக் கண்டுசொல்லும் இந்த மருத்துவர்களை ஐந்து வருடத்தில், மிஞ்சினால் பத்தில், அந்த வேலையில் இயந்திரம் முந்திவிடும் என்பது அவர் கணக்கு. 2024-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ரேடியாலஜிஸ்டுகளுக்கோ பல நாடுகளில் இன்னமும் பற்றாக்குறை. படத்தைப் படிப்பது அந்த வேலையில் ஒரு பங்குதான். எந்த ஸ்கேன் எடுப்பது என்று முடிவு செய்வது, சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசுவது, கடைசியில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவது எல்லாம் மீதி. ஹிண்டனுக்கு இயந்திரம் அத்துப்படி, வேலையின் உள்விவரம் பிடிபடவில்லை. உங்கள் மைத்துனருக்கு இரண்டுமே தெரியாது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் போட்டது. விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில் அவர்கள் மேற்கோள் காட்டிய பழைய தீர்ப்புகளில் பல உலகத்திலேயே கிடையாது. சாட்ஜிபிடி தானாகப் புனைந்தவை. இதில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. ‘இது நிஜமான வழக்குதானா?’ என்று அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் அதே சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ‘ஆமாம்’ என்றிருக்கிறது. முப்பது வருட அனுபவம் உள்ளவர். அவரை மாற மறுத்தவர் என்று யாராவது சொல்ல முடியுமா? சாட்ஜிபிடி வெளியான ஆறு மாதத்துக்குள்ளேயே மாறிக்கொண்டவர் ஐயா அவர்! புதுக் கருவியை எடுத்த கையோடு, தீர்ப்பை எடுத்துப் படித்துப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டார்.

ஆக, உங்கள் மேஜைக்கு வருவோம். ஒரு சப்ளையர் அனுப்பிய பில்லின் எண் 0047. பணம் வரத் தாமதமானதும் அதே பில்லை மறுபடி அனுப்புகிறார், இந்த முறை வெறும் 47 என்று. மென்பொருளுக்கு அவை இரண்டு பில்கள். தொகை ஒன்றாக இருக்கிறதே என்று நல்ல மென்பொருளாக இருந்தால் சந்தேகக் கொடி காட்டும், அவ்வளவுதான். அந்த ஆள் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இப்படித்தான் செய்வார், அதே சமயம் அவருக்கு மாதாமாதம் ஒரே தொகைக்கு உண்மையான பில்லும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எந்த லெட்ஜரிலும் அது எழுதி வைக்கப்படவில்லை. உங்களிடம் இருக்கும் சரக்கு அதுதான். அதை வைத்துக்கொண்டு ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று போய் கோர்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தைரியம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஏமாற்றியதாகிவிடும். 1979-ல் தனிநபர் கணினிக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட்டான விசிகால்க் வந்தபோது உங்கள் துறையே இதைப் பார்த்துவிட்டது. ஒரு எண்ணை மாற்றினால் முழுத்தாளையும் கையால் திரும்பப் போடும் வேலை போயிற்று. அடுத்து வந்த வருடங்களில் அமெரிக்காவில் கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள் குறைந்தார்கள், கணக்காளர்களும் நிதி ஆய்வாளர்களும் கூடினார்கள். ‘பார்த்தீர்களா, வேலை பெருகியது’ என்று இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். வேலை இழந்தவரும் புது வேலையில் உட்கார்ந்தவரும் ஒரே ஆளா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இன்னொரு கசப்பும் உண்டு. எரிக் பிரின்யோல்ஃப்சன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஐ உதவியால் சராசரியாக 14 சதவீதம் வேலை கூடுதலாக நடந்தது. புதியவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியது, பழுத்த அனுபவசாலிகளுக்குப் பெரிதாக லாபம் இல்லை. அனுபவசாலிகள் பேசிய விதத்தைக் கற்றுக்கொண்டுதான் இயந்திரம் புதியவருக்கு எடுத்துக்கொடுத்தது. உங்களுக்கும் நேற்று சேர்ந்த பையனுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும் என்பதே இதன் பொருள். ‘வேகமாகப் போடுவேன், பிழையில்லாமல் போடுவேன்’ என்பதை நம்பி இனி சம்பள உயர்வு கேட்க முடியாது. ‘இந்தக் கணக்கு எங்கே தப்பாகும் என்று எனக்குத் தெரியும்’ என்று கேட்கலாம்.

செய்ய வேண்டியது சின்னதுதான். போன வருடம் நீங்களே முடித்த, விடை தெரிந்த ஒரு வேலையை ஏஐயிடம் கொடுங்கள். பெயர், வங்கி எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள். எங்கே சரியாகச் செய்கிறது, எங்கே தன்னம்பிக்கையோடு தப்பு செய்கிறது என்று குறித்து வையுங்கள். செயலி மாறும்போது அதே வேலையைப் புதியதிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த கோர்ஸும் இதைச் சொல்லித் தராது, ஏனென்றால் விடைத்தாள் உங்களிடம்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை மேலதிகாரியிடமும் காட்டுங்கள். ‘மாறிக்கொள்’ என்று சொன்னவர் அவர்தானே, வேலை நேரத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரட்டும்.

மகள் காமர்ஸே படிக்கட்டும். ஸ்ப்ரெட்ஷீட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) கையால் போடக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறார். கட்டணமும் கிடையாது.