அல்பைசீன் குன்று: பேருந்தில் ஏறி, நடந்து இறங்குங்கள்

கேள்வி: அம்மாவுடன் ஸ்பெயின் செல்லவிருக்கிறோம். கிரனாடா நகரில் அல்ஹம்பிரா கோட்டைக்கு ஒதுக்கியதுபோக அரை நாள் மிச்சமிருக்கிறது. எதிர்க் குன்றில் உள்ள அல்பைசீன் குடியிருப்பைப் பார்க்க ஆசை. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எப்படிச் சுற்றிப் பார்க்கலாம்?

பதில்: தாராளமாகப் போகலாம். பலரும் செய்வதுபோல அடிவாரத்துப் பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து சந்துகள் வழியே ஏற மட்டும் முயலாதீர்கள். அதே சதுக்கத்திலிருந்து சி31 என்ற சிறிய பேருந்து குன்றின் மேலே செல்கிறது. அதில் சான் நிக்கோலாஸ் பகுதிவரை சென்று, அங்கிருந்து நிதானமாக நடந்து இறங்குங்கள். இறக்கமும் முழங்காலுக்குச் சுமைதான் என்பதால், எந்த வழியாக இறங்குகிறீர்கள் என்பது முக்கியம். சந்துகளில் பதித்திருக்கும் உருண்டை ஆற்றுக்கற்கள் மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் அழுத்தமான காலணி அவசியம்.

சான் நிக்கோலாஸ் காட்சிமேடையிலிருந்து, தார்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்பிரா முழுவதும் தெரியும். அதன் பின்னால் சியரா நெவாதா மலைத்தொடர். மாலை வெயில் கோட்டைச் சுவரில் நேராக விழுவதால் புகைப்படத்துக்கு அந்திதான் சிறந்தது. ஆனால் அப்போது உட்கார இடம் கிடைப்பதே அரிது. அம்மாவை மனத்தில் கொண்டு, காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள் என்பேன். பக்கத்திலேயே 2003-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் தோட்டத்திலிருந்தும் இதே காட்சியைப் பார்க்கலாம்.

இக்குடியிருப்பின் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பவை. உயர்ந்த வெள்ளைச் சுவர்களுக்குள் தோட்டத்தோடு கூடிய 'கார்மென்' வீடுகள் மறைந்திருப்பதால், வெளியே நடப்பவருக்குச் சைப்ரஸ் மரத்தின் உச்சியும் சுவரைத் தாண்டித் தொங்கும் கொடிகளும்தான் தெரியும். எனவே தெருவிலேயே இருப்பவற்றைத் தேடிப் பாருங்கள். அவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பவை 'அல்ஹிபே' எனப்படும் நீர்த்தொட்டிகள். அரபு ஆட்சிக் காலத்தில் அல்ஃபகார் ஊற்றிலிருந்து ஐனதமார் கால்வாய் வழியே வந்த நீர் இவற்றில் தேங்கி, குன்றின் மீதிருந்த மக்களுக்குக் குடிநீரானது. தொட்டி தரைக்கடியில் இருக்கும். வெளியில் தெரிவது செங்கல் வளைவுக்குள் அமைந்த சிறிய வாய் மட்டுமே என்பதால் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். சான் நிக்கோலாஸ் அருகிலேயே ஒன்று இருக்கிறது.

அங்கிருந்து பதினொன்றாம் நூற்றாண்டின் கோட்டை வாயிலான ஆர்கோ தே லாஸ் பெசாஸ் வழியே பிளாசா லார்கா சதுக்கத்துக்கு வாருங்கள். கள்ள எடை வைத்து விற்ற வணிகர்களிடம் பறித்த எடைக்கற்களை இவ்வாயிலின் சுவரில் மாட்டிவைத்தார்கள். பெயருக்கும் அதுவே காரணம். சதுக்கத்தில் அம்மா சற்று உட்கார்ந்து இளைப்பாறலாம். அடுத்து வரும் சான் சல்வதோர் தேவாலயம், 1492-இல் நகரம் கத்தோலிக்க அரசர்களிடம் வீழ்ந்த பிறகு, பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்தது. பள்ளிவாசலின் முற்றம் குதிரைலாட வளைவுகளோடு இன்றும் உள்ளே இருக்கிறது. திறந்திருந்தால் அவசியம் பாருங்கள்.

இறங்குவதற்குச் சந்துகளை விட்டு, பேருந்து செல்லும் குவெஸ்தா தெல் சப்பீஸ் சாலையைத் தேர்ந்தெடுங்கள். இடையில் வலி கூடினால் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். கீழே ஆற்றோரமாகச் செல்லும் கர்ரேரா தெல் தார்ரோ தெரு ஏறக்குறைய சமதளம். அதில் உள்ள எல் பான்யுவேலோ, பதினொன்றாம் நூற்றாண்டுப் பொதுக் குளியலகம். கூரையில் வெட்டிய நட்சத்திரத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்கும் நடுக்கூடத்தில், பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண் தலைப்புகளை அடையாளம் காணலாம். நேரம் குறைவென்றால் மற்ற எதையும் விடுங்கள், இதை விடாதீர்கள். கோடையில் பிற்பகல் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அல்ஹம்பிராவுக்கு இன்னும் முன்பதிவு செய்யவில்லையென்றால், 'தோப்லா தே ஓரோ' என்ற கூட்டுச் சீட்டைப் பரிசீலியுங்கள். அல்ஹம்பிராவோடு இக்குளியலகமும், அல்பைசீனின் மேற்குப் பகுதியில் உள்ள தார் அல்-ஹொர்ரா அரண்மனையும் அதில் அடங்கும்.